முன்கதைச் சுருக்கம் இல்லாத இரண்டாம் பாகம்: ‘ஈவில் டெட் 2’ உருவான விதம்

வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தவர்களுக்கு ‘முன்கதைச் சுருக்கம்’ பழக்கப்பட்ட சமாச்சாரம். கட்டம் கட்டி நாலு வரி போடுவார்கள். போன வாரத்தைத் தவறவிட்டவரும் இந்த வாரம் ஏறிக்கொள்ளலாம். சினிமாவில் இரண்டாம் பாகம் எடுப்பவருக்கு இது இன்னும் சுலபம். முதல் படத்திலிருந்து ரெண்டு நிமிஷக் காட்சிகளை வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. 1987இல் வெளிவந்த ‘ஈவில் டெட் 2’ என்ற அமெரிக்கத் திகில் படத்துக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. முதல் படத்தை எடுத்ததும் அதே சாம் ரெய்மிதான், அதில் நாயகனாக நடித்ததும் அதே புரூஸ் கேம்ப்பெல்தான். ஆனாலும் சொந்தப் படத்தின் ஒரு துண்டை எடுத்துப் போட ரெய்மியால் முடியவில்லை. முதல் படத்தின் உரிமை பல விநியோகஸ்தர்கள் கையில் சிதறிக் கிடந்தது. ஒவ்வொருவரையும் பிடித்து அனுமதி வாங்குவது நடக்கிற காரியமாக இல்லை.

அதனால் முன்கதையைப் புதிதாகவே படம் பிடித்தார்கள். அதற்கு நேரமும் குறைவு, காசும் குறைவு. முதல் படத்தில் காட்டுக் குடிலுக்குப் போனவர்கள் ஐந்து பேர். புதிய முன்கதையில் இரண்டே பேர்: ஆஷ், அவன் காதலி லிண்டா. லிண்டாவாக 1981இல் நடித்தவர் பெட்சி பேக்கர். 1987இல் டெனிஸ் பிக்ஸ்லர். மந்திரப் புத்தகம், டேப் ரெக்கார்டரில் அந்தக் குடிலில் முன்பு தங்கியிருந்த பேராசிரியரின் குரல், லிண்டாவுக்குப் பேய் பிடிப்பது, தலை துண்டாவது, புதைப்பது எல்லாம் சில நிமிஷங்களுக்குள் ஓடி முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் முதல் படத்தின் கடைசி ஷாட், அதாவது காட்டிலிருந்து பாய்ந்து வரும் ஏதோ ஒன்று ஆஷின் முகத்தில் மோதுவது, இங்கே தொடர்கிறது. உண்மையான இரண்டாம் பாகம் அந்தப் புள்ளியில்தான் தொடங்குகிறது.

இதைச் சொல்லாமல் படத்தைப் போட்டால் என்ன ஆகும்? இது இரண்டாம் பாகமா, முதல் படத்தையே திரும்ப எடுத்திருக்கிறார்களா என்று இன்றுவரை ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். வாடகை கேசட் காலத்தில் நான் பார்த்தது இரண்டாம் பாகத்தைத்தான். முதல் பாகம் என்று நினைத்தே பல வருஷம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் குழப்பத்துக்கு என் அறியாமை மட்டும் காரணமில்லை, ஒரு உரிமைச் சிக்கலும் காரணம் என்று பின்னால்தான் புரிந்தது.

இந்தப் படத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். அதில் நாம் ரசிக்கிற பல விஷயங்களைத் தோண்டினால், அடியில் யாரோ ஒருவர் ‘முடியாது’ என்று சொன்னது இருக்கிறது. பணம் கிடையாது, பழைய காட்சி கிடையாது, நீ கேட்ட கதை கிடையாது, இவ்வளவு ரத்தம் கூடாது. அந்த ஒவ்வொரு ‘கூடாது’வும் படத்தில் எங்காவது ஒரு வடிவமாக உட்கார்ந்திருக்கிறது.

மிச்சிகன் பையன்கள்

ரெய்மி, கேம்ப்பெல், கதையைச் சேர்ந்து எழுதிய ஸ்காட் ஸ்பீகல் மூவரும் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் பக்கத்தில் வளர்ந்தவர்கள். பள்ளி நாட்களிலேயே சூப்பர் 8 கேமராவில் படம் எடுத்துத் திரிந்த கூட்டம். அவர்கள் எடுத்தவற்றில் பெரும்பாலானவை ‘த்ரீ ஸ்டூஜஸ்’ பாணி அடிதடிக் காமெடிகள். கண்ணில் குத்துவது, மண்டையில் தட்டு உடைப்பது, வழுக்கி விழுவது. திகில் படத்துக்கு வந்ததே கணக்குப் போட்டுத்தான்: குறைந்த செலவில் எடுத்தாலும் விற்கும் சரக்கு அதுதான் என்று பார்த்தார்கள். 1978இல் சுமார் 1,600 டாலரில் ஒரு குறும்படத்தை மாதிரிக்காக எடுத்தார்கள். அதைப் போட்டுக் காட்டி உள்ளூர்ப் பல் டாக்டர்கள், வக்கீல்கள் போன்றவர்களிடம் பணம் திரட்டினார்கள். ராபர்ட் டாப்பர்ட் தயாரிப்பாளர். டென்னஸி மாநிலத்தில் மாரிஸ்டவுன் அருகே ஒரு பாழடைந்த குடிலில் 1979–80 குளிர்காலம் முழுக்க நடுங்கி நடுங்கி எடுத்ததுதான் ‘ஈவில் டெட்’. செலவு மூன்றே முக்கால் லட்சம் டாலர் அளவில்.

அந்தப் படம் பெயர் வாங்கியதில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1982 கான் திருவிழாவின்போது பார்த்துவிட்டு வாயாரப் புகழ்ந்து எழுதினார். அந்தப் பாராட்டு விளம்பரங்களில் ஏறியது, வாங்குவோர் வந்தார்கள். கிங்கின் பெயர் இந்தக் கதையில் மறுபடி வரும்.

படத்தை உலகுக்கு விற்றுக்கொடுத்த இர்வின் ஷபீரோ பழுத்த வியாபாரி. இரண்டாம் பாகம் எடுங்கள் என்று முதலிலிருந்தே நச்சரித்தவர் அவர். பையன்கள் கேட்கவில்லை. தங்களுக்குத் திகில் மட்டுமா தெரியும் என்று காட்ட, இயக்குநர்களான கோயன் சகோதரர்களோடு எழுதிய ஒரு காமெடிக் குற்றப்படத்தை (‘கிரைம்வேவ்’, 1985) எடுக்கப் போனார்கள். அங்கே ஸ்டுடியோ தலையிட்டது. கேம்ப்பெல்லை நாயகனாகப் போட விடவில்லை. அவருக்கு ஒரு சின்ன வேடம்தான் மிஞ்சியது. படம் படுத்துவிட்டது. அப்புறம்தான் ஷபீரோ சொன்னது சரியாகப் பட்டது. சுருக்கமாகச் சொன்னால், ‘ஈவில் டெட் 2’ ஆசையில் பிறந்த படம் அல்ல. வேறு வழியில்லாமல் பிறந்தது. இரண்டாம் பாகங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் பிறக்கின்றன என்பது என் அனுமானம், ஒப்புக்கொள்பவர்கள்தான் குறைவு.

ஒரு போன் கால்

வழியில்லை என்று இறங்கினாலும் பணம் கிடைக்கவில்லை. அந்தச் சமயம் ஸ்டீபன் கிங் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் ‘மேக்ஸிமம் ஓவர்டிரைவ்’ படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். தயாரித்தது இத்தாலியத் தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸின் நிறுவனம். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது படக்குழுவைச் சேர்ந்த ஒருவர் மூலம், ரெய்மி கூட்டம் பணமில்லாமல் தவிக்கும் செய்தி கிங் காதுக்குப் போனது. அவர் டினோவுக்கு போன் போட்டு, இந்தப் பையனுக்குப் பணம் கொடுங்கள் என்று சொன்னார். கொஞ்ச நாளில் காரியம் முடிந்தது. 36 லட்சம் டாலர் பட்ஜெட். முதல் படத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு.

ஆனால் டினோ ஒரு நிபந்தனை வைத்தார். ரெய்மியின் மனதில் இருந்த கதை வேறு: ஆஷ் காலச்சுழலில் விழுந்து இடைக்கால ஐரோப்பாவுக்குப் போய், வாளும் குதிரையுமான உலகத்தில் பேய்களோடு மோதுவது. டினோவுக்கு அது வேண்டாம். இத்தாலியில் நன்றாக ஓடிய முதல் படம் மாதிரியே, ஒரு குடில், ஒரு காடு, ஒரு ராத்திரி என்று எடுத்துக்கொடு என்றார். ரெய்மி சரி என்றார். சரி என்றுவிட்டு, படத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் ஆஷை இடைக்காலத்துக்குள் தூக்கிப் போட்டுவிட்டார்! வானத்திலிருந்து விழும் அவனைச் சுற்றிக் கவசம் போட்ட வீரர்கள் நிற்பார்கள், இறக்கை முளைத்த பேய் ஒன்றைச் சுட்டு வீழ்த்துவான், அவர்கள் அவனைத் தெய்வம் போலக் கொண்டாடுவார்கள், அவன் ஐயோ என்று அலறுவான். அடுத்த படத்துக்கான முன்பணம் மாதிரி அந்த முடிவு.

டினோ, தன் வில்மிங்டன் ஸ்டுடியோவிலேயே படம் எடுக்கச் சொன்னார். வசதியான இடம். ஆனால் ‘கிரைம்வேவ்’ சூடு ஆறவில்லை. முதலாளி பக்கத்து அறையில் இருந்தால் வேலை ஓடாது என்று பையன்கள் நினைத்தார்கள். மூன்று மணி நேரம் காரில் போகும் தூரத்தில், வேட்ஸ்பரோ என்ற சிற்றூருக்குப் போய்விட்டார்கள். அதற்குச் சற்றுமுன் ஸ்பீல்பெர்க் ‘தி கலர் பர்ப்பிள்’ எடுத்திருந்த வட்டாரம் அது. அந்தப் படத்தில் வெளிப்புறத்துக்குப் பயன்பட்ட பெரிய வெள்ளைப் பண்ணைவீடு இவர்களுக்குத் தயாரிப்பு அலுவலகமாயிற்று. குடிலின் உட்புறத்தை ஜே. ஆர். ஃபெய்சன் நடுநிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் செட்டாகப் போட்டார்கள்.

நிஜக் குடிலில் சுவரை நகர்த்த முடியாது; செட்டில் முடியும். தரையில் ஓட்டை போட்டு ஆள் உள்ளே படுத்துக்கொள்ளலாம். கூரையைக் கழற்றிக் கேமராவை மேலே தூக்கலாம். முதல் படத்தின் பயத்தில் பாதி அந்த நிஜக் குடிலின் அழுக்கிலும் குளிரிலும் இருந்து வந்தது. இரண்டாவதில் அது போய்விட்டது. பதிலுக்கு வீடே ஒரு விளையாட்டுச் சாமான் ஆனது. சிலருக்கு முதல் படம்தான் பிடிக்கும் என்பதை நான் புரிந்துகொள்கிறேன். அந்த அழுக்கை எந்த செட்டும் கொண்டுவராது.

ஒரு ஆள், ஒரு கை

படத்தின் முதல் பாதியில் பெரும்பகுதி நேரம் திரையில் இருப்பது கேம்ப்பெல் ஒருவர்தான். பேச ஆள் கிடையாது, அதனால் வசனமும் குறைவு. அவருக்கு எதிராக நடிப்பது அவருடைய வலது கை. பேய் பிடித்த கை. சமையலறைக் காட்சியில் அந்தக் கை தட்டுகளை எடுத்து அவர் மண்டையிலேயே உடைக்கிறது, தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தொட்டியில் மோதுகிறது, கடைசியில் அவரையே குட்டிக்கரணம் போட வைத்துத் தரையில் சாய்க்கிறது. அதில் எந்திர வித்தை எதுவும் இல்லை. கேம்ப்பெல் தானே தன்னைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறார். மணிக்கட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் அடிபடுகிறவன், அந்தப் பக்கம் இருப்பது அடிக்கிறவன் என்று நம் கண்ணுக்கு இரண்டு ஆள் தெரிவது நடிப்பால் மட்டும்.

பிறகு கையைச் சங்கிலி ரம்பத்தால் வெட்டி எறிந்துவிட, வெட்டுப்பட்ட கை தனியாக வீட்டில் அலையும். அந்த ஷாட்டுகளுக்குச் செட்டின் தரைக்கு அடியில் இருந்து ஒருவர் கையை மேலே நீட்டி நடித்தார். தனியாக அலையும் கை என்ற யோசனைக்கு மிச்சிகன் நாட்களிலேயே விதை உண்டு: ஒரு கையுறை குடும்பப் பெண்ணைத் தாக்குவதாக ஸ்பீகல் 1979இல் ஒரு குறும்படம் எடுத்திருந்தார். வெட்டிய கையை வாளியால் மூடி, மேலே பாரமாக ஆஷ் புத்தகங்களை வைப்பான். மேலே இருப்பது ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’. ஆங்கிலத்தில் அந்தக் கடைசிச் சொல்லுக்கு ஆயுதம் என்றும் அர்த்தம், கை என்றும் அர்த்தம். தமிழில் ‘கைவிட்டேன்’ என்ற தலைப்பில் ஒரு நாவலை வைத்த மாதிரி.

எல்லாரும் சிலாகிக்கும் சிரிப்புக் காட்சியும் இப்படித்தான் வந்தது. ஸ்பீகல் ஒரு நாள் மேஜை விளக்கின் வளையும் கழுத்தைப் பிடித்து ஆட்டி, அது விழுந்து விழுந்து சிரிப்பது போல வேடிக்கை காட்டினாராம். அதிலிருந்து, சுவரில் மாட்டிய மான் தலை, விளக்கு, புத்தகங்கள், அலமாரி என்று அறையே சிரிக்கும் காட்சியை ரெய்மி பிடித்துக்கொண்டார். கேம்ப்பெல்லும் கூடச் சேர்ந்து சிரிக்க ஆரம்பிப்பார்; சிரிப்பு மெல்ல அலறலாக மாறும். எந்த இடத்தில் மாறியது என்று நிறுத்திப் பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தும் பிடிபடவில்லை. இந்த ஒரு காட்சியை வைத்தே கேம்ப்பெல்லின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

படத்தில் வேலை செய்தவர்களில் கேம்ப்பெல்லைவிட அதிகம் ஓடியது கேமராதான். முதல் படத்துக்கு முன்பிருந்தே அவர்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது: ஒரு மரப்பலகையின் நடுவில் கேமராவைப் பூட்டி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாகக் காட்டுக்குள் ஓடுவது. ஆள் தடுமாறுவது பலகையின் நீளத்தில் கரைந்துவிடும். திரையில் ஏதோ ஒன்று மிதந்து பாய்வது போலத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பேயின் பார்வை அதுதான். இரண்டாம் பாகத்தில் அந்தப் பார்வை கார்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருகிறது, குடிலுக்குள் புகுந்து கதவு கதவாக ஆஷைத் துரத்துகிறது. ஆஷ் காட்டுக்குள் சுழன்றுகொண்டே தூக்கிச் செல்லப்படும் காட்சிக்கு கேம்ப்பெல்லைச் சுழலும் சட்டத்தில் கட்டி, அதைக் கிரேனில் மாட்டி நகர்த்தினார்கள். குறைந்த வேகத்தில் பதிவு செய்து ஓட்டியதால் திரையில் அசுர வேகம். ஒளிப்பதிவாளர்களில் முக்கியமானவர் பீட்டர் டெமிங். பிற்பாடு டேவிட் லிஞ்சின் ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ எடுத்தவரும் இவரே.

நிலவறையில் தம்பி

நிலவறையில் புதைந்திருக்கும் பேராசிரியரின் மனைவி ஹென்ரியட்டா. மனித உருவில் லூ ஹான்காக் நடித்தார். பேய் உருவில் நடித்தது இயக்குநரின் தம்பி டெட் ரெய்மி. அப்போது அவருக்கு வயது இருபது. உடம்பு முழுக்க ரப்பர் நுரை சூட், ஊதிப்போன கிழட்டுப் பேயாக. அது வட கரோலினாவின் கோடைகாலம், 1986. டென்னஸியில் குளிரில் விறைத்த கூட்டம் இங்கே வெந்தது. சூட்டுக்குள் வியர்வை தேங்கி நிற்கும் அளவுக்கு டெட் உருகினார். ஹென்ரியட்டா அந்தரத்தில் சுழலும் ஷாட்டைக் கவனித்துப் பாருங்கள்: பேயின் காதிலிருந்து ஏதோ நீர் கொட்டும். ஒப்பனைக்காரர் வைத்தது அல்ல, டெட்டின் வியர்வை. அந்த ஷாட் படத்தில் அப்படியே இருக்கிறது.

ஒப்பனைக்குத் தலைமை மார்க் ஷோஸ்ட்ரம். அவருக்குக் கீழே வேலை செய்த இளைஞர்களில் மூன்று பேர்: ராபர்ட் கர்ட்ஸ்மன், கிரெக் நிகோட்டீரோ, ஹோவர்ட் பெர்கர். நிகோட்டீரோ கையில் எப்போதும் ஒரு வீடியோ கேமரா இருந்தது. திரைக்குப் பின்னால் நடந்ததை நாம் இன்று கண்ணால் பார்க்க முடிவது பெரும்பாலும் அவர் புண்ணியத்தில். அந்தப் பதிவுகளில் தெரிவது பெரிய ஸ்டுடியோ அல்ல. பசை, ரப்பர், கலர்த் தண்ணீர், தூக்கம் இல்லாத முகங்கள். 1988இல் மூவரும் தங்கள் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து ‘கே.என்.பி.’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் ஹாலிவுட்டின் பேய், பிணம், பிசாசு வேலைகளில் பெரிய பங்கு அவர்களிடம் போயிற்று. நிகோட்டீரோ ‘தி வாக்கிங் டெட்’ தொடரின் பிணங்களுக்குப் பொறுப்பாளர் ஆனார். ‘நார்னியா’ முதல் படத்துக்காகப் பெர்கருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

செத்துப்போன லிண்டா, தலை இல்லாத உடம்போடு நிலவொளியில் ஆடும் நடனம் மட்டும் வேறு கைவேலை. பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு பிரேமாகப் படம் பிடிக்கும் ஸ்டாப் மோஷன் முறையில் டக் பெஸ்விக் செய்தது. அந்த நடனம் காட்சிக்குப் பொருந்தாமல் சற்று வெட்டி வெட்டித்தான் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை. செத்தவள் சரளமாக ஆடினால்தான் ஆச்சரியம்.

மற்ற நடிகர்களைப் பற்றி விமர்சனங்களில் ஒரு வரிக்கு மேல் வராது; படமும் அவர்களுக்கு அதிகம் இடம் கொடுப்பதில்லை. பேராசிரியரின் மகள் ஆனியாக சாரா பெர்ரி. கடைசியில் மந்திரத்தைப் படித்து முடிப்பது அவள்தான், ஆஷ் இல்லை. அவளோடு வரும் எட் என்பவனாக ரிச்சர்ட் டோமையர். பேயாக மாறி வெட்டுப்பட்டுப் பச்சை ரத்தம் கக்கியவர், பிறகு டிவியில் பொருள் விற்கும் ஷாப்பிங் சேனல் தொகுப்பாளர் ஆனார். வழிகாட்டியாக வரும் முரடன் ஜேக், டான் ஹிக்ஸ்; ரெய்மி பின்னாளில் ‘ஸ்பைடர்மேன் 2’ வரைக்கும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜேக்கின் தோழி பாபி ஜோவாகக் கேஸி வெஸ்லி. லாஸ் ஏஞ்சலஸில் ரெய்மி, ஸ்பீகல், கோயன் சகோதரர்கள் எல்லாம் ஒரே வீட்டில் தங்கியிருந்தபோது நடிகை ஹாலி ஹண்டரும் அங்கே இருந்தார். அவரை மனதில் வைத்தே பாபி ஜோவை எழுதினார்கள்.

இன்னொரு சின்னச் சமாச்சாரம். நிலவறையிலும் கருவிக் கொட்டகையிலும் கத்தி விரல் கையுறை ஒன்று தொங்கும், ஃப்ரெட்டி குரூகர் என்ற திகில் பட வில்லனின் கையுறை. அந்த வில்லனை உருவாக்கிய இயக்குநர் வெஸ் கிரேவன் தன் பழைய படத்தில் ‘ஜாஸ்’ போஸ்டரைக் கிழித்துத் தொங்கவிட்டார். ரெய்மி ‘ஈவில் டெட்’ முதல் பாகத்தில் கிரேவனின் போஸ்டரைக் கிழித்துத் தொங்கவிட்டார். கிரேவன் 1984இல் ‘நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ படத்தில் நாயகி தூங்காமலிருக்க ‘ஈவில் டெட்’ பார்ப்பதாக வைத்தார். இது அதற்கு ரெய்மியின் பதில். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில் மேல் பாத்திரம் மாற்றிக்கொள்வது போல.

பச்சை ரத்தம்

இனி தணிக்கை. அமெரிக்காவில் அன்றைக்கு ‘எக்ஸ்’ (பெரியவர்களுக்கு மட்டும்) சான்றிதழ் வாங்கினால் படம் முடிந்தது. பல பத்திரிகைகள் விளம்பரம் போடா, பெரும்பாலான திரையரங்குகள் எடுக்கா. அதனால் அதற்கு ஒரு படி கீழே உள்ள ‘ஆர்’ சான்றிதழுக்குள் (பெரியவர் துணையோடு சிறுவரும் பார்க்கலாம்) அடங்கும்படி கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் படம் பிரிட்டனில் வீடியோ வழக்குகளில் மாட்டிய அனுபவமும் இருந்தது. ரெய்மி கண்டுபிடித்த வழி குழந்தைத்தனமானது, அதனாலேயே அழகானது: சிவப்பைக் குறைத்துவிட்டார். ரத்தம் பச்சையாகப் பீறிடும், கறுப்பாக ஒழுகும். முதல் படத்தில் சோளப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து செய்த ரத்தம், இங்கே பெயின்ட் கடை கலராகியது. சுவரில் சுட்ட ஓட்டையிலிருந்து வெள்ளமாகப் பாயும் காட்சியில் கேம்ப்பெல் நின்று நின்று நனைகிறார். நிறம் மாறியதுமே கோரம் கார்ட்டூனாகிவிடுகிறது. ‘ஈவில் டெட் 2’ காமெடியான கதையைச் சொல்பவர்கள் பலரும் இந்த நிறத்தை மறந்துவிடுகிறார்கள். சிரிப்பு பையன்களின் ரத்தத்தில் ஏற்கெனவே இருந்தது உண்மைதான். தணிக்கைப் பயம் அதற்குச் சாயம் பூசிக்கொடுத்தது.

தந்திரம் பலிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நிறம் என்னவாக இருந்தாலும் ‘எக்ஸ்’தான் கிடைக்கும் என்பது தெளிவானது. டினோவின் நிறுவனம் தணிக்கை அமைப்போடு ஒப்பந்தத்தில் இருந்ததால், சான்றிதழ் இல்லாமல் தன் பெயரில் வெளியிட முடியாது. எனவே ‘ரோஸ்பட் ரிலீசிங் கார்ப்பரேஷன்’ என்று ஒரு பெயர்ப்பலகைக் கம்பெனியை உருவாக்கி, அதன் பெயரில் சான்றிதழ் இல்லாமலே வெளியிட்டார்கள். படம் தொடங்கும்போது ஒரு ரோஜா மலரும் அல்லவா, அந்தக் கம்பெனியின் அடையாளம் அது. பேய்ப் படத்துக்கு முன்னால் ரோஜாப் பூ ஏன் என்று யோசித்தவர்களுக்கு விடை இது: சட்டச் சிக்கலைச் சுற்றிப் போவதற்காக நட்ட செடி.

1987 மார்ச் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, படம் வந்தது. 84 நிமிஷம். அமெரிக்காவில் சுமார் 59 லட்சம் டாலர் வசூல். மோசமில்லை, கொண்டாடும்படியும் இல்லை. சான்றிதழ் இல்லாத படத்துக்குக் கிடைக்கும் திரைகள் அவ்வளவுதான். அதன் நிஜ வாழ்க்கை வீடியோ கேசட்டில் தொடங்கியது. நம் ஊரிலும் ‘ஈவில் டெட்’ என்ற பெயர் பரவியது டெக்கும் வாடகை டிவியும் வழியாகத்தான். எந்தப் பாகம் என்று கேட்டால்தான் விழிப்பார்கள்.

ஒரு கேள்வி பாக்கி. ரெய்மிக்குக் கேட்டதெல்லாம் கிடைத்திருந்தால்? அது கற்பனைக் கேள்வி இல்லை. மூன்றாம் படத்தில் இடைக்காலம் கிடைத்தது, குதிரை கிடைத்தது, எலும்புக்கூட்டுப் படை கிடைத்தது. ‘ஆர்மி ஆஃப் டார்க்னஸ்’ எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு மேஜை விளக்கு சிரித்து என்னைக் கலங்கடிக்கவில்லை. அடைத்துவைத்த அறைக்குள் ஒரே ஆளும் அவன் கையும் சண்டை போட்டபோது இருந்த நெருக்கம், திறந்த வெளியில் கலைந்துவிட்டது.

டினோவின் நிறுவனம் 1988இல் திவாலானது. மூன்றாம் படம் வேறு ஸ்டுடியோவின் பெயரோடு 1990களின் தொடக்கத்தில் வந்தது. முன்கதைச் சுருக்கம் வேண்டுமே! மறுபடியும் புதிதாகத்தான் எடுத்தார்கள், குடிலும் காரும் புத்தகமும் ரம்பமும் எல்லாம். இந்த முறை லிண்டாவாக நடித்தவர் பிரிட்ஜெட் ஃபோண்டா.